வெற்றெடை

ராணிப்பேட்டைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே
பைபாஸ் ஓரம் ஓர் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டு, கம்ப்யூட்டர்,
கழுத்து சுளுக்கிய டேபிள் ஃபேன், நான்.
பெயர் எப்சிபா. இரவு ஷிப்ட்.

பாலாற்றில் தண்ணீர் வந்து நாளாயிற்று.
இப்போது ஆறே லாரியில் ஏறி வருகிறது
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு
வால்பக்கம் ஈரம் சொட்டச் சொட்ட.

முதலில் வெற்றெடை. பிறகு பாரத்தோடு.
கழித்தால் மிஞ்சுவது மணல்.
மூன்றாம் வகுப்புக் கணக்குதான்.
"முப்பத்தொண்ணுன்னு போடும்மா" என்பார்கள்.
திரையில் நாற்பத்திரண்டு டன் நிற்கும்.
கையால் மாற்றி அடிக்கவும் வழி உண்டு,
முதலாளியே வைத்த வழி.
ரசீதுக் கட்டுக்கடியில்
நாலாய் மடித்த ஐந்நூறு.

திடப்படுத்தல் வகுப்பில் ஒரு வார்த்தை கற்றேன்:
பிரித்தெடுக்கப்பட்டவர்கள்.
அது அம்மாவின் திருவிருந்துப் புடவை மாதிரி என்று
அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.
பீரோவில் ரசகற்பூர உருண்டையோடு உறங்கும்;
மாதம் ஒரு ஞாயிறு வெளியே வரும்;
குழம்பு படாமல் உள்ளே போய்விடும்.

என்மேல் எப்போதும் டீசல் வாடை.

போன வருஷம் ஒருமுறை குறைத்து அடித்தேன்.
ஒரே ஒரு டன்.
பையனுக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி.
பிரிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு
ரசீதைத் துப்பிய சத்தம்
அடுத்த திருவிருந்தில்
அப்பத்துக்கு நீட்டிய என் கைக்குள் கேட்டது.
எழுந்து போகவில்லை. வாங்கினேன். விழுங்கினேன்.
அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் உள்ளதை உள்ளபடிதான்.
வீரம் ஒன்றுமில்லை.
சில ராத்திரி விரல் மூன்றின்மேல் போய் நிற்கும்.
ஃபேன் ஒரு சுற்றுத் திரும்பி வரும்வரை நிற்கும்.
பிறகு நான்கை அடிக்கும்.

முதலாளி தேவசித்தம் எங்கள் சபைப் பொருளாளர்.
காணிக்கைப் பையை அவர் எண்ணினால்
எட்டணா தவறாது.
"சபை வேற, சாப்பாடு வேறம்மா.
நீ மட்டும் என்ன தனியா?" என்றார்.
தனி என்றுதானே ஐயா அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்,
என் பக்கத்து பெஞ்சில்தானே உங்கள் மகள் இருந்தாள்.
தொண்டைவரை வந்ததைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.
மனசுக்குள் திட்டினேன்.
அதுவும் என் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

பாதி லாரிகள் எதிர்ப்பக்க மேடைக்குப் போய்விட்டன.
டீக்கடையில் என்னைக் கண்டால் பேச்சு குறைகிறது.
முனிரத்தினம் மட்டும் வருகிறார்,
கண்ணாடியில் வள்ளிமலை முருகன் சிரிக்க.
லோடும் அளவோடுதான்.
"உங்க மேடையில ஏத்தி இறக்கினா
அன்னிக்கு டயர் வெடிக்கிறதில்லம்மா" என்கிறார்.
இதற்கு என்ன பதில் சொல்வது?
மசால்வடையில் ஒன்றை வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச்சில் முத்திரை அலுவலகத்தார் வந்தார்கள்,
டெம்போ நிறைய இரும்புக் குண்டுகளோடு.
ஒவ்வொன்றும் இருபது கிலோ, ஒரு குன்றிமணி பிசகாது.
எந்தச் சந்தையிலும் எதையும் விற்றுத் தராத எடைகள்.
அவையும் இந்த மணல்மேல்தான் இறங்கின,
எண்ணெய்க் கறைமேல், சக்கரத் தடத்தில்.
ஒன்று நழுவி லோடுமேன் கால்விரலில் விழ
கெட்ட வார்த்தையும் கேட்டுக்கொண்டது.
பீரோவில் பூட்டி வைத்தால்
அவற்றுக்கு என்ன வேலை?

விடிகாலை நாலு மணி. ஒரு லாரியும் இல்லை.
மேடையைக் குறுக்கே கடந்து குழாயடிக்குப் போகிறேன்.
திரும்பிப் பார்த்தால்
கூண்டின் நெற்றியில் சிவப்பாய் அறுபது.
பத்துப் பத்தாய் மட்டும் எண்ணத் தெரிந்த இயந்திரம்;
என் ஐம்பத்தாறு அதற்குப் புரியாது.

அந்த நாலு கிலோ என்னிடம் இல்லை, ஆண்டவரே.
ரசீதில் அப்படியே போட்டுவிடாதேயும்.